கீழத்தெருவுக்குப் போன தொட்டில்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் தம் வீட்டைப் பற்றி மூன்றே வாக்கியங்கள் சொன்னார். “வீட்டுக்குப் பேரு அரண்மனை. மழை பெஞ்சா அஞ்சு எடத்துல ஒழுகும். பொண்ணு தெரிஞ்சே வரட்டும்.” மதுரை ஆனையூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அரசு அலுவலக எழுத்தரான என் அப்பா எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு மீண்டும் உட்கார்ந்தார். அதுவரை எந்தப் பக்கமும் சாயாமல் இருந்த என் மனம் அந்த மூன்றாவது வாக்கியத்தில் சாய்ந்தது. ஒழுகும் இடங்களை எண்ணிச் சொல்லிவிட்டுப் பெண் கேட்கிறவர்கள் வேறெதையும் மறைக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். பிற்பாடு மறைத்தவள் நானாகத்தான் இருந்தேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பேரையூருக்குத் தெற்கே, பேருந்து வந்து திரும்பிப் போகும் கரிசல்காட்டு ஊர் அது. ஜமீன் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போய் இரண்டு மூன்று தலைமுறை ஆகிறது. நிலத்தில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. மிஞ்சிய புன்செய்யில் என் கணவர் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறார். ஆனாலும் ஊர் பழைய பெயர்களை விடவில்லை. மாமியார் ‘பெரிய நாச்சியார்’. திருமணமான மறுநாளே நான் ‘சின்ன நாச்சியார்’ ஆனேன். கணவருக்கு மட்டும் அந்த மரியாதை டீக்கடை வாசலோடு முடிந்துவிடும். மொபெட்டில் காற்று இறங்கி அவர் தள்ளிக்கொண்டு போனால் பெஞ்சிலிருந்து யாராவது, “என்ன மாப்ள, பல்லக்கு பஞ்சரா?” என்பார்கள். அதை அவரே வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பார். மாமியார் சிரிக்கமாட்டார். ஆனால் மறுநாள் காலை, காபியை அவர் முன்னால் வைத்தபடி, “பல்லக்கு சரியாயிருச்சா?” என்று கேட்பார்.

நான் அப்போது பசுமலையில் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு நிற்காது என்ற வாக்கின்பேரில்தான் திருமணம். வார நாள்களில் ஆனையூரில் அம்மா வீடு. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கல்லூரி வாசலிலேயே திருமங்கலம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினால், வெயில் சாயும் நேரத்தில் பேரையூர். அங்கே கணவர் மொபெட்டோடு நிற்பார். ஞாயிற்றுக்கிழமை மாலை அதே வழியில் திரும்புவேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நடைபெறும் அந்தத் திருமணம் எனக்கு நன்றாகவே பொருந்தியது. அதிகம் பேசாதவள் நான். ஐந்து நாள் சேர்த்துவைத்தால்தான் இரண்டு நாளுக்குப் பேச்சு கிடைக்கும்.

சனிக்கிழமை காலைகளில் பின்கட்டில் மாமியாரோடு கீரை ஆய்வேன். அவருடைய வாழ்க்கையை நான் அறிந்தது அந்தக் கீரைக்கட்டுகளின் நடுவேதான். மேற்கே மலையடிவாரத்து இன்னொரு ஜமீனிலிருந்து, பதினெட்டு வயதில், திரை கட்டிய கூண்டு வண்டியில் வந்து இறங்கியவர் அவர். வந்த பிறகு பல ஆண்டுகள் ஊரின் தெருக்களை அவர் பார்த்ததேயில்லை. கோயிலுக்குப் போனாலும் வண்டியில்தான். மூன்று பிள்ளைகள் பெற்றார். இரண்டு பெண்கள் வெளியூர்களில் இருக்கிறார்கள். கடைசிப் பிள்ளை என் கணவர். பிள்ளை அழும் சத்தம் அடுத்த அறையிலிருந்து கேட்கும். முன்கட்டில் விருந்தாட்கள் இருந்தால் எழுந்து போய் எடுக்க முடியாது. வேலைக்காரி பிள்ளையை ஆட்டிப் பார்த்து, அடங்காவிட்டால்தான் தாயைக் கூப்பிடுவாள். “பால் கட்டிக்கிட்டு வலிக்கும். கூப்பிடுவாகளா கூப்பிடுவாகளான்னு சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருப்பேன்” என்றார் ஒரு நாள். குரலில் குறை இல்லை. அப்போது அப்படி, அவ்வளவுதான் என்பதுபோல் அடுத்த கட்டை அவிழ்த்தார். மாமனார் இறந்த பின் வீட்டுச் சாவி அவர் இடுப்புக்கு வந்தது. கூண்டு வண்டி அதற்கு முன்பே உளுத்துப்போயிருந்தது.

சாவிகளோடு அவர் கைக்கு வந்த அதிகாரங்களில் இன்றும் செல்லுபடியாவது ஒன்றுதான்: தொட்டில். தேக்கில் செய்த நிலைத்தொட்டில். நான்கு மூலையிலும் நான்கு கிளிகள், அதில் ஒன்றுக்கு மூக்கு இல்லை. இந்த வீட்டில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் முப்பத்தோராம் நாள் அதில் கிடத்தித்தான் பெயர் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் குழந்தை இல்லாத காலங்களில் அது ஊருக்குப் போகும். கேட்ட வீட்டுக்குக் கொடுப்பார்கள். கொடுத்தால் ஒரு வழக்கம் உண்டு: உள்ளே கிடக்கும் பிள்ளை சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நிற்கும்வரை அதைத் திருப்பிக் கேட்கக்கூடாது. பிள்ளை நின்ற அன்று அந்த வீட்டாரே தொட்டிலைக் கழுவி, மஞ்சள் தெளித்து, உள்ளே ஒரு படி நெல் போட்டு அனுப்பிவைப்பார்கள். இந்த இரண்டு வழக்கங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதே இல்லை. காரணம், யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால் இந்த வீட்டுப் பெண்கள் யாராவது முழுகாமல் இருக்கிறார்களா என்று பெரிய நாச்சியார் விசாரித்துவிடுவார்.

அப்படி விசாரிப்பார் என்பது எனக்குத் தெரியாது.

தை மாதத்தில் எனக்கு நாள் தள்ளிப்போனது. கணவரிடம் மட்டும் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் கையை என் தலையில் வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். எனக்கு முந்தைய ஆண்டு படித்த ஒருத்திக்கு நடந்தது என் கண்முன் இருந்தது: மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்குத் தெரிந்தது, அலுங்கக்கூடாது என்று பேருந்தில் போவதை நிறுத்தினார்கள், ஆய்வேடு அலமாரியில் நின்றுபோயிற்று. என் ஆய்வேடு, ஒரே பாடலுக்கு உரை எழுதிய இருவர் எந்தெந்த இடங்களில் பிரிகிறார்கள் என்பது பற்றியது. பெரிய விஷயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது முழுக்க என்னுடையது. சித்திரையில் வாய்மொழித் தேர்வு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று கணக்கிட்டிருந்தேன்.

மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். மாமியார் தலை நிமிராமல், “ஏதும் விசேஷம் உண்டாத்தா?” என்று கேட்டார்.

“இல்லைங்க அத்தை” என்றேன்.

“சரி” என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. என் சொல்லே அவருக்குப் போதுமாக இருந்தது. அவர் எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனா என்பதை இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை நண்பகலில் கல்லூரி நூலகத்து நடையில் நின்றபோது கணவர் அழைத்தார்.

“அம்மா தொட்டில குடுத்துட்டாங்க.”

“யாருக்கு?”

“கீழத்தெரு டீச்சர் வீட்டுக்கு. குட்டியானை வண்டில நான்தான் தூக்கி ஏத்துனேன்.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“நீதான தலையில அடிச்சுச் சத்தியம் வாங்குன.”

கீழத்தெருவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அந்தத் தெருவினர் தலைமுறைகளாக இந்த வீட்டுக் காட்டில் கூலிக்குக் களையெடுத்தவர்கள். இன்று அவர்களில் பலருக்குச் சொந்தக் காடு இருக்கிறது. சில காடுகள் ஒரு காலத்தில் இந்த வீட்டுடையவை. டீச்சர் பேரையூரில் கணக்குப் பாடம் நடத்துகிறவர். அவர் அம்மா எங்கள் பருத்திக் காட்டில் குனிந்து நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். ஊரில் மற்ற எல்லாத் தெருக்களுக்கும் போயிருந்த தொட்டில் அந்த ஒரு தெருவுக்கு மட்டும் போனதில்லை. கேட்கக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. டீச்சருக்கு மகன் பிறந்து இருபது நாள் ஆன அந்தத் திங்கட்கிழமை, அவர் அம்மா அரண்மனை முற்றத்தில் வந்து நின்று கேட்டிருக்கிறார். வேண்டிக்கொள்ளவில்லை, கேலிபோலத்தான் கேட்டாராம்: “அந்தத் தொட்டிலுக்கு எங்க தெருவுக்கு மட்டும் வழி தெரியாதா நாச்சியாரே?”

மாமியார் முற்றத்துக்கு இறங்கி வந்தாராம். பிறகு, “வண்டி கொண்டாந்திருக்கியா?” என்று கேட்டாராம்.

தெருவே வாசலுக்கு வந்து பார்க்க, தொட்டில் கீழத்தெருவுக்குள் போனது. டீச்சரின் அம்மா வண்டிக்குப் பின்னால் ஒரு கையால் அதைப் பிடித்தபடியே நடந்தார் என்று கணவர் சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டு, நூலகத்தில் திறந்துவைத்திருந்த பக்கத்துக்குத் திரும்பினேன். அன்று ஒரு வரியும் ஓடவில்லை. என் பிள்ளைக்குத் தொட்டில் கிடைக்காது என்பது என்னை வருத்தவில்லை. உண்மை தெரிந்த நாளில் அந்தத் தொட்டிலைக் கீழத்தெருவிலிருந்து திருப்பித் தூக்கி வருவார்கள். அதையும் அதே தெரு வாசலில் நின்று பார்க்கும். முதல்முறையாகக் கேட்டு வாங்கிய வீட்டுக்கு அதைவிடப் பெரிய தலைகுனிவு வேறில்லை. அதற்கு என் ஒரு சொல் காரணமாகப் போகிறது என்பதுதான் என்னை உறுத்தியது.

சித்திரை முதல் வாரத்தில் வாய்மொழித் தேர்வு முடிந்தது. அந்தச் சனிக்கிழமையே பின்கட்டில் மாமியாரிடம் சொன்னேன். எத்தனை மாதம் என்று கேட்டார். நான்கு முடிகிறது என்றேன். விரலில் எண்ணினார். எண்ணிக்கை எந்த விரலில் வந்து நின்றது என்பதை நான் பார்த்தேன்.

“அன்னைக்குக் கேட்டேனே” என்றார்.

“ஆமாங்க அத்தை.”

முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்த கை நின்று, மறுபடி ஓடியது. “பரீட்சை நல்லபடியா முடிஞ்சுதா?” என்று கேட்டார். முடிந்தது என்றேன். எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் மாதுளை முத்துகளை உதிர்த்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தொட்டிலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஊர் பேசியது. என் வயிறு தெரியத் தொடங்கியதும், தொட்டில் எப்போது திரும்பும் என்று டீக்கடையில் ஆளுக்கு ஒரு மாதம் சொன்னார்களாம். ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் டீச்சர் நேரில் வந்தார். இடுப்பில் மகன்; கொழுகொழுவென்று, அவசரமே இல்லாத முகம். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் பேசினார்.

“தொட்டில அனுப்பிரட்டா சின்ன நாச்சியார்? நேராச் சொல்லுங்க. நீங்க கேக்கறதுக்கு முன்னாடி அனுப்பிட்டா, நாங்களாக் குடுத்ததா இருக்கும். கேட்டப்புறம்னா நீங்க பிடுங்குனதா இருக்கும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எங்கம்மாவுக்கு ஒண்ணில்ல.”

என்னால் வந்த வினை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

“டீச்சரே, ஒன் மகன் நின்னுட்டானா?”

“இல்லைங்க. இப்பத்தான் குப்புற விழுகுறான்.”

“பெறகென்ன பேச்சு. காபி குடிச்சிட்டுப் போ.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். காபியைக் குடித்தபடியே, மாணவர்களின் விடைத்தாள்களில் கண்ட விநோதங்களைச் சொன்னார். அன்று முதல் சனிக்கிழமைகளில் அவர் வருவது வழக்கமாயிற்று. நான் அதிகம் பேசாததைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. வகுப்பில் அறுபது பேர் பேசுவது போதும் என்பார்.

ஆனாலும் அந்தப் பேச்சு அதோடு முடியவில்லை. மாமனாரின் அக்கா மதுரையில் இருக்கிறார். இந்த வீட்டின் மூத்த பெண் என்ற முறையில், பிறக்கும் பிள்ளைகளின் காதில் முதலில் பெயர் சொல்லும் உரிமை அவருடையது. என் கணவருக்குச் சொன்னதும் அவர்தான். ஆவணி இறுதியில் மதுரை மருத்துவமனை ஒன்றில் எனக்கு மகள் பிறந்தாள். மூன்றாம் நாள் மாமியாரும் அவரும் பார்க்க வந்தார்கள். மாமியார் குழந்தையை வாங்கி, மடியில் வைத்து, கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனாரின் அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி பேசினார்.

“முப்பத்தோராம் நாளுக்குத் தொட்டில் வேணும். எப்ப வாங்கப்போற?”

“குடுத்திருக்கு மதினி.”

“யாருக்குக் குடுத்திருக்கன்னு எனக்கும் தெரியும். ஒரு நாளைக்கு மட்டும் வாங்கு. பேரு வச்சிட்டு மறுநாள் திருப்பிக் குடு. அம்புட்டுத்தான. யாரும் சாகப்போறதில்ல.”

நியாயமான யோசனையாகத்தான் எனக்கும் பட்டது. ஒரு நாள்தானே. தலையணையில் சாய்ந்தபடி மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் குழந்தையின் சுண்டுவிரலிலிருந்து கையை எடுக்கவில்லை.

“குடுத்தத நடுவுல கேக்கறதுல ஒரு நாள் என்ன, ஒரு வருசம் என்ன மதினி” என்றார். பிறகு, நெடுநேரம் யோசித்து முடித்ததைச் சொல்லும் குரலில், “தொட்டில் வராது. பிள்ளை போகும்” என்றார்.

மாமனாரின் அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், அந்தத் தெருவுக்குத் தன் கால் வராது என்றார். மாமியார் குழந்தைக்குப் பசிக்கிறது என்று சொல்லி என்னிடம் கொடுத்தார்.

அடுத்த வாரம் கணவர் கீழத்தெருவுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். டீச்சர்தான் பதில் சொன்னார்: தாராளமாக வரலாம், ஆனால் வந்தவர்கள் சாப்பிடாமல் போகக்கூடாது. கணவர் இதைத் தயங்கித் தயங்கித்தான் வீட்டில் சொன்னார். உறவினர் வீடுகளைத் தவிர வேறெங்கும் மாமியார் கைநனைத்ததில்லை. ஊர்ப் பொங்கலில்கூடப் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றி யாரிடமாவது கொடுத்துவிடுவார். அது வெறும் பழக்கமா, பழக்கத்துக்கு அடியில் வேறேதாவதா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் ஐயம்தான். கணவர் சொல்லி முடித்ததும் மாமியார் சாவிக்கொத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாராம்:

“கத்திரிக்கா வேணாம்னு சொல்லு. எனக்கு ஒத்துக்கிடாது.”

இதைக் கணவர் ஆனையூருக்கு அழைத்துச் சொன்னபோது, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன். என் அம்மா என்ன ஆயிற்று என்று ஓடிவந்தார். ஒன்றுமில்லை, கத்திரிக்காய் வேண்டாமாம் என்றேன். அம்மாவுக்கு அதில் கண் கலங்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

புரட்டாசியில் பெயர் வைக்கும் நாள் வந்தது. காலையிலேயே நானும் மகளும் ஒரு வாடகைக் காரில் ஆனையூரிலிருந்து புறப்பட்டோம். வழியில் மாமனாரின் அக்கா ஏறிக்கொண்டார். அரண்மனை வரை வருவதாகத்தான் பேச்சு. ஊரில் மாமியாரையும் கணவரையும் ஏற்றிக்கொண்டு கீழத்தெரு முனைக்குப் போனபோது, குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளம் குறுக்கே கிடந்தது. கார் உள்ளே போகாது. மாமியார் கதவைத் திறந்து இறங்கினார். குடையை விரித்து, பள்ளத்தின்மேல் போட்டிருந்த பலகையைக் காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஏறி நடந்தார். மகளை ஏந்திக்கொண்டு நான் பின்னால் போனேன். வாசல்களில் பெண்கள் நின்றார்கள். யாரும் கும்பிடவில்லை, யாரும் முகத்தைத் திருப்பவுமில்லை. ஒரு பெண் மட்டும், “பிள்ளைக்கு வெயில் அடிக்குது, குடைய இந்தப் பக்கம் சாய்ங்க” என்றார். மாமியார் சாய்த்தார். மாமனாரின் அக்கா காரிலேயே இருந்தார்.

டீச்சர் வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட காரை வீடு. குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. முன்னறையின் நடுவில் தொட்டில். நான் அதை அரண்மனையில் பார்த்தபோது அது ஒரு பழைய பொருளாகத்தான் தெரிந்தது. இங்கே ஒரு கிளியின் கழுத்தில் கிலுகிலுப்பை கட்டியிருந்தார்கள். இன்னொரு கிளியின் தலை முழுக்கப் பிள்ளையின் எச்சில். உள்ளே டீச்சரின் மகன் சம்மணம் போட்டதுபோல் உட்கார்ந்து, வந்தவர்களை ஒவ்வொருவராக மேலும் கீழும் பார்த்தான். அவனைத் தூக்க டீச்சர் குனிந்தார். இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவன் போட்ட சத்தத்தில் என் மகள் விழித்து அழத் தொடங்கினாள். இரண்டாம் முறையும் அதே கதைதான்.

“அவனும் இருக்கட்டும். எடம் இருக்கு” என்றார் மாமியார்.

தலைமாட்டில் என் மகளைக் கிடத்தினோம். கால்மாட்டில் அவன், தன் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். குறித்த நேரம் நெருங்கியது. மாமியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கணவரை அழைத்து, அறையில் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: “ஒங்கத்தைகிட்டப் போய்ச் சொல்லு. நேரம் ஆகுது. மதினிக்கு வர முடியலைன்னா, இந்த வீட்டுக்கு மூத்தவுக டீச்சரோட அம்மா. அவுக பேரக் கூப்பிடுவாக.”

டீச்சரின் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். இது மிரட்டலா, மெய்யாகவே சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது யோசித்தால், இரண்டில் எது நடந்திருந்தாலும் அவர் நிறைவாகவே இருந்திருப்பார் என்று தோன்றுகிறது.

ஐந்து நிமிடத்தில் மாமனாரின் அக்கா வந்தார். பலகையில் ஏறி வந்ததில் சேலைக் கரையில் சேறு. யாரையும் பார்க்காமல் நேராகத் தொட்டிலுக்கு வந்து குனிந்து, என் மகளின் காதில் மூன்று முறை பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அவளுடையது, அவளே சொல்லிக்கொள்ளட்டும். நிமிரும்போது அவரால் நிமிர முடியவில்லை. டீச்சரின் மகன் அவர் சங்கிலியைப் பிடித்திருந்தான்.

“விடுடா. இம்புட்டுப் பிடி பிடிக்கிறான், யாரு பெத்த பிள்ளடா நீ?”

“பருத்தி எடுத்த வம்சம் நாச்சியாரே” என்றார் டீச்சரின் அம்மா. “பிடிச்சாச் சுருக்க விடாது.”

குனிந்த நிலையிலேயே இருந்த மாமனாரின் அக்காவின் தோள் குலுங்கியது. கோபம் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சங்கிலியை ஒவ்வொரு விரலாக விடுவிக்க டீச்சருக்கு நேரம் பிடித்தது.

புரட்டாசி என்பதால் சைவச் சமையல். சாம்பார், அவரைக்காய், ரசம், அப்பளம், பாயசம். மாமியார் இலையின் முன்னால் உட்கார்ந்து, நீர் தெளித்து, நிதானமாகச் சாப்பிட்டார். டீச்சரின் அம்மா கரண்டியோடு எதிரிலேயே நின்றார். ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் கொண்ட மாமியார், மிளகு எங்கே வாங்கியது என்று விசாரித்தார். பேரையூர்ச் சந்தையில் எந்தக் கடை என்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள். மாமனாரின் அக்கா சாப்பிட உட்காரவில்லை. வெயில் ஆகிவிட்டது, வயிறு சரியில்லை என்றார். ஒரு கலர் சோடா மட்டும் குடித்தார். டீச்சர் இன்னொரு பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். அதையும் குடித்தார்.

நான் தொட்டிலின் அருகே உட்கார்ந்து சாப்பிட்டேன். என் மகள் தூங்கிப்போயிருந்தாள். அவள் காலைத் தன் கால் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, டீச்சரின் மகன் அதைப் பிடித்தபடி அவனும் கண் சொக்கினான். என் வாழ்வில் நான் மிக நிறைவாக இருந்த சில மணி நேரங்களில் அது ஒன்று. அதை அப்போதே அறிந்திருந்தேன் என்பதுதான் அதன் சிறப்பு.

திரும்பும்போது எங்களை ஆனையூரில் விட மாமியாரும் வந்தார். மாமனாரின் அக்கா முன்னிருக்கையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். கணவர் ஊரிலேயே இறங்கிக்கொண்டார். பின்னிருக்கையில் மாமியாரும் நானும் குழந்தையும். ஏழு மாதமாக உள்ளே வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

“அத்தை, மாசியில நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன். பயந்துட்டேன்.”

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பருத்தி பூத்திருந்தது.

“நீ உண்மையச் சொல்லியிருந்தா, வீட்டுல பிள்ளை வரப்போகுதுன்னு அந்தம்மாகிட்ட இல்லைன்னு சொல்லியிருப்பேன்” என்றார். “அவ மறுக்கா கேட்டிருக்கமாட்டா.”

சரி என்று நினைத்தாரா, தவறு என்று நினைத்தாரா என்று அதிலிருந்து எனக்குத் தெரியவில்லை. மேலே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சாலை கரிசலுக்குள் இறங்கியது.

“தலையத் தாங்கிப் பிடி” என்றார். “இங்கிட்டு மேடு பள்ளமா இருக்கு.”